லாரி குரூப்பில் என் பாடம்

அன்பு அக்கா,

இதைப் பெரம்பலூர் ஹாஸ்டலில் யாருக்கும் காட்டிவிடாதே, கெஞ்சிக் கேட்கிறேன். போனில் பேசினால் அம்மா காதில் விழும். அதனால் அறையைத் தாழிட்டுக்கொண்டு மெசேஜாக எழுதுகிறேன்.

ஹேமலதா டீச்சர் இப்போதெல்லாம் எங்களையே பாடம் நடத்தி, வீடியோ எடுத்து, வகுப்புக் குரூப்பில் போடச் சொல்கிறார். அப்பா கொடுத்த பழைய போனில், நம்மூர்ச் சுண்ணாம்புக்கல்லுக்குள் கல்லாகிப்போன கடல் நத்தை வந்த கதையை நான் நடத்தினேன். அவசரத்தில் அதை, அந்தப் போனில் இன்னும் இருக்கும் அப்பாவின் லாரி டிரைவர்கள் குரூப்பில் போட்டுவிட்டேன். கடைசியில் டீச்சர் மாதிரியே, "புரிஞ்சவங்க கையத் தூக்குங்க" என்று வேறு அதட்டியிருக்கிறேன்.

வரிசையாகக் கை தூக்கிய பொம்மைகள் வருகின்றன அக்கா. செல்லக்கண்ணு மாமா மட்டும், "பாப்பா, நான் கடைசி பெஞ்சு. இன்னொருக்கா சொல்லு" என்று பேசி அனுப்பியிருக்கிறார். சிரிப்பு வருகிறது, ஆனால் அப்பாவும் அந்தக் குரூப்பில் இருக்கிறாரே.

"படிப்புக்கு இல்லாம வெளையாடுனா பீரோவுல வச்சுப் பூட்டிடுவேன்" என்று சொல்லித்தானே அப்பா போனைக் கொடுத்தார்? பூட்டிவிட்டால் இனி நான் வகுப்பில் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். லோடு இறக்கிவிட்டு இன்று ராத்திரியே வருகிறார். நீதான் அவரிடம்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான்.

"டீச்சரம்மா, கதவத் தொறங்க. வழியெல்லாம் ஆளாளுக்குச் சந்தேகம் கேக்குறானுவ, எனக்குப் பதில் தெரியல" என்கிறார்.