மாப்பிள்ளையின் பாம்பும் என் பாம்பும்

ஜூன் 8, ஞாயிறு
கீழப்பாவூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை செந்தில்வேல், பெங்களூரில் வேலை. தனியாகப் பேச மாடிக்கு அனுப்பினார்கள். அவர் கம்ப்யூட்டர் பாம்பு விளையாட்டைப் பற்றிப் பேசினார். பாம்பை நாம் நகர்த்தக் கூடாதாம். அதற்கு ஒரு புரோகிராம் எழுதிப் போட்டித் தளத்தில் ஏற்றிவிட்டால், மற்றவர்களின் பாம்புகளோடு அதுவே மோதிக்கொள்ளுமாம். தன் பாம்பின் பெயரையும் சொல்லிப் பொறுமையாக விளக்கினார். நானும் கண்ணை விரித்துக் கேட்டேன்.

நான் அதே தளத்தில்தான் இரண்டு வருஷமாகக் கிடக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன பிறவியோ நான்.

ஜூன் 9
அவர் பாம்பைத் தேடிப் பிடித்து என் பாம்போடு மோதவிட்டேன். அவருடையது தானாகப் போய்ச் சுவரில் முட்டிச் செத்தது. மறுபடியும். மறுபடியும். இதை ஏன் பார்த்தேன்?

ஜூன் 11
அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். "ஏட்டி, அமைஞ்சு வர்ற எடத்துல ஒனக்கு எதுக்கு இந்த வேல? பேசாம தோத்துப் போயிரு" என்றாள்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: தோற்பதற்கென்றே ஒரு பாம்பு எழுதினேன். யோசிக்காது, காலியாக இருக்கும் பக்கம் போகும். அவ்வளவுதான். பழையதை எடுத்துவிட்டு இதை ஏற்றினேன். தியாகி யோகலட்சுமி.

ஜூன் 14
அசட்டுப் பாம்பு ஜெயிக்கிறது. அவரை மட்டுமில்லை, எல்லோரையும். பழையது ரொம்ப யோசித்தே, ஒவ்வொரு நகர்வுக்கும் உள்ள நேரம் தீர்ந்து மற்றவர்களிடம் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. ஆக, இத்தனை நாள் இடைஞ்சல் என் மூளைதான்.

"தோத்தாச்சா?" என்று அம்மா கேட்டாள்.
"இல்லம்மா. மொத எடத்துக்கு வந்துட்டேன்."
அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜூன் 17
தளத்தில் அவரிடமிருந்து செய்தி. ஆள் யாரென்று தெரியாமல்தான். 'உங்க பாம்பு எப்படி ஆடுதுன்னே புரியல. சொல்லித் தருவீங்களா?'

பதில் போட்டேன்: 'அது யோசிக்கவே யோசிக்காது. உங்ககிட்ட தோக்கணும்னு எழுதினது. நான் தென்காசி யோகலட்சுமி.'

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. போச்சு, எல்லாம் போச்சு.

ஜூன் 18
பதில் வந்ததா என்று பத்துத் தடவை பார்த்துவிட்டேன்.

ஜூன் 19
போன் செய்தார். "மாடில வச்சு உங்களுக்கே வெளக்குனேன் பாருங்க, அத நெனச்சாத்தான் வெக்கமா இருக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"தோத்தா தோத்துட்டுப் போறேன். நீங்க விட்டுக் குடுக்கதுதான் கஷ்டமா இருக்கு. இனிமே செய்யாதீங்க."

சரி என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு
குற்றாலத்தில் நல்ல சாரல். இரண்டு வீட்டாரும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். புதுசாக ஒரு பாம்பு எழுதி ஏற்றியிருப்பதாக அங்கே வைத்து அவர் சொன்னார். ஈரத் தலையோடு காரில் உட்கார்ந்து இரண்டையும் மோதவிட்டோம். நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

தோற்றேன். அதுவும் நன்றாகவே தோற்றேன். எரிச்சலில் மதியச் சோறு இறங்கவில்லை.

அம்மாவிடம் தேதி பார்க்கச் சொல்லிவிட்டேன்.