சுத்தமான கரி

8.7.99 வியாழன்
மழை. ஹட்டனில் பஸ் ஒன்றரை மணி நேரம் தாமதம். நனைந்த பையோடு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கம்பஸ் லாப் அலுமாரிக்குப் பூட்டில்லை, அதனால் சி-60 போத்தலும் என்னோடு. எட்டு மாதம் புகைக்கரியைத் தொலுயீனில் கரைத்து, வடித்து, பிரித்து எடுத்தது. அறுபது காபன் அணுக்கள் பந்தாகச் சேர்ந்த மூலக்கூறு. அடியில் ஒரு சிட்டிகைதான். செவ்வாய்க்கிழமை கொழும்பு மெஷினில் சோதிக்க வேண்டும். அந்த நாள் கிடைக்கவே மூன்று மாதம்.

"அது என்னா பாப்பா?" – அம்மா.
"கரிம்மா."
"கரிய போயி பஸ்ஸுல தூக்கிட்டு வருவாங்களா?"
"சாதாரண கரி இல்ல. ஒலகத்துலயே சுத்தமான கரி."

பெருமை வேறு. சாமிப் படம் இருக்கும் தட்டில் வைத்தேன். யாரும் கை வைக்காத இடம்.

பாக்கி: அறிக்கை 2ஆம் பக்கம். சவர்க்காரம். ஞாயிறு அக்கா பிள்ளைக்குப் பேர் வைப்பு. சட்டை வாங்கவில்லை!

10.7 சனி
மூடுபனி. துணி காயவில்லை. அறிக்கை ஒரே வரி.

மத்தியானம் பிள்ளையைத் தூக்கினேன். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, வழக்கத்தைவிடக் கறுப்பு. புது மையா என்று கேட்டேன். அக்கா அம்மாவைப் பார்த்தாள்.

"அடுப்புக்கரி மை வச்சா பிள்ளைக்குத் தடிக்குதுடி. நீதான் சுத்தமான கரின்னு சொன்னியே. வெளக்கெண்ணெயில கொழச்சேன்," என்றாள் அம்மா.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பாதிப் போத்தல் கரி. ஒரு சிட்டிகை எப்படிப் பாதிப் போத்தலாகும்?

"கொறஞ்சு போச்சுன்னு நீ அழுவியேன்னு நம்ம அடுப்புக்கரிய சலிச்சுப் போட்டு ரொப்பி வச்சேன்."

கத்தினேன். பக்கத்துக் காம்பரா வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பிள்ளையும் அழுதது. பொட்டை நானே துடைத்தேன். பச்சைப்பிள்ளைக்குப் பூசும் சாமானா அது?
"கரிதானேடி?"
கரிதான். அப்படிச் சொன்னதே நான்தான். என்மேல்தான் எரிச்சல்.

11.7 ஞாயிறு
பேர் வைத்தாயிற்று. கேசரி, வடை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன். மாமி சொன்னது காதில் விழுந்தது: "படிச்ச புள்ள, கரிக்குப் போயி சண்ட போடுது."

புறப்படும்போது அம்மா பையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். பஸ்ஸில் பிரித்தேன். இன்னும் கொஞ்சம் கரி. சலித்தது. கடவுளே.

12.7 திங்கள்
விடிந்ததும் லாப். தொலுயீனில் கரைத்து வடித்தேன். அம்மாவின் கரி வடிதாளில் தங்கியது. கீழே சி-60 கரைந்த ஊதா வர வேண்டும். வந்தது பால் விடாத பிளேன்டீ நிறம். அடுப்புப் புகையின் தாரும் கரைந்து இறங்கியிருக்கிறது. மறுபடி வடித்தேன். அதே நிறம்.

பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். போத்தலை வெளிச்சத்தில் பிடித்தார்.
"இதென்ன பிள்ளை, மண்ணிறமாக் கிடக்கு?"
"எங்க வீட்டு அடுப்பு, சேர்."

சிரிப்பார் என்று நினைத்தேன். "நாளைக்குக் கொழும்பு மெஷினுக்கு மற்றப் பிள்ளையின்ர சாம்பிள் போகட்டும்" என்றார். எனக்கு அடுத்த நாள் எப்போது, தெரியாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அம்மா கேட்டால், கரி போதுமானதாக இருந்தது என்று சொல்ல வேண்டும்.