இரண்டாவது தேங்காய்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
புதன்கிழமை.

என் அன்பு மகள் றஷ்மிக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்தோனியார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழையோடு வருகிறது, மழை விட்டாலும் அது விடுவதில்லை. உன் சுகத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. இந்த இரண்டு கிழமையாக நீ அனுப்பிய குரல் செய்திகளில் டப்ளின் குளிரைத் தவிர வேறொன்றும் இல்லை, அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே சளி பிடித்துவிடும் போலிருக்கிறது. அம்மா ஏன் போன் எடுப்பதில்லை என்று அப்பாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டாயாம், அவரும் என் தொண்டை சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தாராம். என் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. உன்னோடு கதைப்பதில்லை என்று நான்தான் முடிவெடுத்தேன். போனில் என்றால் பாதியில் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரி வரை வாசி.

நம் தொடர்மாடியில் கீழ்த்தட்டில் இருக்கும் பிலோமினாவின் மகள் டெனிஷாவுக்கு வேலை போய்விட்டது. நீ கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று போட்ட உடுப்பை, நாலு வருடம் கழித்துத் தன் அளவுக்குப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்த அதே டெனிஷாதான். கொள்ளுப்பிட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், ஹோட்டல் அறை பதிகிற வெள்ளைக்காரர்களுக்குப் போனில் பதில் சொல்கிற வேலை, தகப்பன் இல்லாத வீட்டை அதில்தான் ஓட்டினாள். கடந்த ஒரு வருடமாக அவளையும் கூட இருந்த பிள்ளைகளையும் உட்கார வைத்து, ஆட்களுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று ஒரு மெஷினுக்குப் பழக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது பழகி முடிந்ததும் ஒரு காலையில் எல்லாரையும் கம்பியூட்டருக்கு முன்னால் கூப்பிட்டு, எங்கேயோ இருந்து ஒரு பெண் ஒரு தாளைப் பார்த்து வாசித்தாளாம், உங்கள் வேலைத்தரம் போதாது, இன்றோடு சரி என்று. வாசித்து முடிய முன்னமே சிலருடைய திரை தானாக அணைந்துவிட்டதாம். வேலை போனதைக் கூடப் பொறுக்கலாம், அந்த வேலைத்தரம் என்ற சொல்லைத்தான் பொறுக்க முடியவில்லை. இப்போது வெள்ளவத்தையில் ஒரு இடம், புறக்கோட்டையில் ஒரு இடம் என்று எங்கே போனாலும் பழைய இடத்தில் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்கிறார்கள், அந்தச் சொல்லைப் பார்த்ததும் பிறகு அறிவிக்கிறோம் என்று அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளை படிக்கட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

அப்பாவுக்கு உலகச் செய்தி இல்லாமல் சோறு இறங்காது என்பது உனக்குத் தெரியும். துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் கப்பலோடு வந்த பழக்கம், கப்பல் போய்விட்டது பழக்கம் போகவில்லை. எங்கேயோ ஒரு நாட்டில் சட்டை தைக்கிற பெட்டைகளை உள்ளே வைத்துப் பூட்டினார்களாம், இன்னொரு நாட்டில் மருந்து விலையை ஒரே நாளில் பத்து மடங்கு ஏற்றினார்களாம், அவர் சத்தமாக வைப்பார், நான் வெங்காயம் உரித்தபடி கேட்பேன், எல்லாருக்கும் பொதுவாக ஒரு சாபத்தைப் போட்டுவிட்டுக் குழம்பைக் கிளறுவேன். ஆனால் அன்றைக்கு ரீவியில் டெனிஷாவின் கதையே வந்தது. பதினொரு நாட்டில் ஒரே காலையில் நாலாயிரம் பேரை அப்படித்தான் நிறுத்தியிருக்கிறார்கள், கொழும்பில் இருந்தது அந்தப் பெரிய கம்பனியின் ஒரு வால், பெயர்ப்பலகை மட்டும் வேறு. அதற்குத் தலைவனாம் ஒருத்தன், வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு தன் சொந்தப் படகில் நின்று, என் வாழ்க்கையிலேயே துக்கமான நாள் அதுதான் என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னான். அடுத்த செய்தி அந்தக் கம்பனியின் பங்கு விலை ஏறிவிட்டது என்பது. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கத்தியைக் கழுவக்கூடத் தோன்றவில்லை. மகள், அறுபத்திரண்டு வயதில் எனக்கு ஒருத்தனைப் பழிவாங்க வேண்டும் என்று முதல் முதலாக உண்மையாகவே ஆசை வந்தது.

நான் நேரே இடியப்பக்கார மயிலம்மாவிடம் போனேன். முகத்துவாரத்துக் காளி கோவிலில் தேங்காய் உடைத்து முறையிட்டால் அநியாயம் செய்தவனைச் சாபம் விடாது என்று அவள் எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். யாருக்கு அம்மா என்று கேட்டாள். இரண்டு பேருக்கு என்றேன், படகுக்காரனுக்கு ஒன்று, கூசாமல் வாசித்தாளே அவளுக்கு ஒன்று. தேங்காய் விற்கிற விலைக்கு இரண்டு பேரோடு நிறுத்திக்கொண்டேன். வரமாட்டேன் என்று நின்ற டெனிஷாவையும் இழுத்து ஓட்டோவில் ஏற்றினேன். கோவில் வாசலில் ஜெபமாலையைக் கழற்றி ஹேண்ட்பேக்கின் அடியில் போட்டேன், மாதா பார்க்காமல் இருக்கட்டும் என்று. மயிலம்மா, ஆளோட பேரும் பெத்த தாயி பேரும் சொல்லணும்மா, இல்லாட்டி அம்மாளுக்கு வெலாசம் தெரியாமப் போயிரும் என்றாள். அவனைப் பெற்றவளின் பெயருக்கு நான் எங்கே போவது. போனில் அவன் படத்தை எடுத்து, காளிக்கு நேரே தூக்கிப் பிடித்து, இந்த முகம்தான் தாயே, படகோடு தேடு என்று சொல்லி முதல் தேங்காயை எறிந்தேன். அது உடைந்த சத்தத்தில் புறா எல்லாம் எழும்பிப் பறந்தது. என் மனம் எவ்வளவு குளிர்ந்தது தெரியுமா. இரண்டாவதை எடுத்து, வாசித்த அந்த நாக்கு என்று நான் தொடங்க, டெனிஷா பாய்ந்து வந்து தேங்காயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வேண்டாம் ஆன்ட்டி, அவ வாசிச்சது மட்டும்தான், அவவ விடுங்க, எனக்காக விடுங்க என்று அழுகிறாள். சாபம் போட வந்த இடத்தில் என்ன இரக்கம் என்று அவளுக்கு நல்ல ஏச்சு ஏசினேன். அவள் விடவேயில்லை. தேங்காயை மடியில் வைத்தபடியே வீடு வந்தாள், என் சமையலறையில் வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் கழித்து அப்பா அந்தப் பெண் தாள் வாசித்த வீடியோவைத் தன் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், வேலை போன யாரோ ஒரு பிள்ளை பிடித்து வெளியே விட்டதாம். வாசிக்கிறவளின் முகத்தை மங்கலாக்கி, குரலையும் மாற்றியிருந்தார்கள், ஆனால் அவளுக்குப் பின்னால் சுவரில் இருந்த தட்டை ஒருவரும் மங்கலாக்கவில்லை. அந்தத் தட்டில் ஒரு அந்தோனியார் நின்றார். கொச்சிக்கடைத் திருவிழாவில் நான் வாங்கி, நீ விழுத்தி உடைத்து, குழந்தையேசுவைத் தூக்கிய கையை நான் பசை வைத்துக் கோணலாக ஒட்டி, உன் பெட்டியில் துணிக்குள் சுற்றி அனுப்பிய அந்தோனியார். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்றுதானே செவ்வாய்க்கிழமை தவறாமல் அவரிடம் போகிறேன். அப்பா போனைக் கவிழ்த்து வைத்தார். எழும்பிப் போய் ரீவியை நிறுத்தினார், அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உலகச் செய்தி இல்லை.

நான் கீழே போய், வாசித்தது றஷ்மிதான் என்று உனக்குத் தெரியுமா என்று டெனிஷாவைக் கேட்டேன். ஓம் ஆன்ட்டி, எங்களுக்கு முகம் மறைக்காமத்தானே காட்டினது, அக்காவக் கண்டவுடனே தெரியும், ஆனா அக்கா தாள விட்டுத் தலை நிமிரவே இல்லை என்றாள். வெளிநாட்டு ரீவிக்காரி ஒருத்தி போன் எடுத்து, வாசித்தது யார் என்று தெரியுமா என்று கேட்டதற்கும் தெரியாது என்றே சொல்லியிருக்கிறாள். உன் வாயால் வேலை இழந்தவள் உன்னை மறைத்துக் காப்பாற்றியிருக்கிறாள், நீயோ அம்மாவுக்குக் குளிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நாலாயிரம் பெயரில் அவள் பெயரைக் காணவில்லை என்று சொல்லாதே, நான் நம்பமாட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது, அந்தப் பிள்ளை பாய்ந்திருக்காவிட்டால் என் கையாலேயே உன்னை உடைத்திருப்பேன். பாதரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு இன்னும் போகவில்லை, முதல் தேங்காய்க்காக எனக்குப் பிழை செய்தேன் என்ற மனஸ்தாபம் துளியும் வரவில்லை, வராததை வந்ததாகச் சொல்ல முடியாது.

அந்தப் படகுக்காரனுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை, நேற்றும் ஏதோ மேடையில் பரிசு வாங்கினானாம், மயிலம்மா சொல்லிக்கொண்டு வந்தாள். விலாசம் சரியில்லை போலிருக்கிறது. ஆனால் உனக்கு அவன் விலாசம் தெரியும். தைப்பொங்கலுக்கு முன்னால் நீ போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய், எங்கட கம்பனியில ஆரை நிப்பாட்டுறது எண்டு மெஷின்தான் பேர் எடுத்துக் குடுக்குது அம்மா, ஆக்கள் செய்த வேலையை ஒருத்தரும் பாக்கிறதே இல்லை எண்டு. அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை, உன் கம்பனியும் வேறு பெயரில் அதே கம்பனியின் வால்தான் என்றும் தெரியாது, இப்போது நன்றாக விளங்குகிறது. ஒருத்தரும் பார்க்காத வேலைக்குத் தரம் போதாது என்று எப்படிச் சொன்னீர்கள்? அதை நீ அந்த ரீவிக்காரியிடம் சொல்ல வேண்டும், முகத்தை மறைக்காமல், உன் பெயரைச் சொல்லி. அவள் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவன் எந்தப் படகில் நின்று சிரித்தானோ அந்தப் படகிலேயே அவன் முகம் கறுப்பதை நான் பார்க்க வேண்டும், என் தேங்காயால் முடியாததை உன் நாக்கு செய்யட்டும். உன் வேலை போகும், விசாவும் போகலாம், எல்லாம் யோசித்துத்தான் எழுதுகிறேன். போனால் வா. உன் அறையில் அப்பா துணி காயப்போடுகிறார், எடுத்துவிடுவேன். ஆனால் முதலில் டெனிஷாவுக்குப் போன் எடு, மன்னிப்பை மெசேஜில் அனுப்பாதே, தாளைப் பார்த்தும் வாசிக்காதே.

மற்றப்படி சொல்ல ஒன்றும் இல்லை. பிலோமினா இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கிறாள், அவளுக்கு விஷயம் தெரியாது, அதுதான் எனக்கு ஏச்சை விடக் கஷ்டமாக இருக்கிறது. நீ இரவில் சாப்பிடாமல் படுக்காதே, பட்டரைப் பூசிப் பாண் மட்டும் தின்று வயிற்றைக் கெடுக்காதே. கோபம் வேறு வயிறு வேறு. உன்னை ஆசீர்வதிக்காமல் நான் ஒரு நாளும் ஒன்றையும் முடித்ததில்லை, இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன், கர்த்தர் உனக்குத் தைரியம் தரட்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்த இரண்டாவது தேங்காய் இன்னும் அரிசி வாளிக்குப் பக்கத்தில் குடுமியோடு இருக்கிறது. நீ வாய் திறந்தாய் என்று கேள்விப்பட்டால் அதைத் துருவிச் சம்பல் இடித்து முதல் பங்கை டெனிஷாவுக்குக் கொடுப்பேன். இல்லாவிட்டால் முகத்துவாரம் எனக்குத் தூரமில்லை, இந்த முறை அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டும் போகமாட்டேன். படகுக்காரனைப் போல இதற்கு விலாசம் தேடி அலையவும் தேவையில்லை. உன் பெயர் எனக்குத் தெரியும். பெற்ற தாயின் பெயரும் தெரியும்.

இப்படிக்கு,
கொன்ஸ்ரன்ஸ் ஸ்ரனிஸ்லாஸ்