மரமீனின் கண்

இன்று தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு வெளியே ஒரு பெட்டி உடைந்து கிடந்தது. உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாள் கிழிந்து தொங்கியது. சும்மா ஒரு துண்டைக் கிழித்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். ரேகை அப்படியே பதிந்தது. அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து உனக்கு இதை எழுதுகிறேன். நான் படித்த லட்சணம் உனக்குத் தெரியும், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகள் இப்போதும் மாமா மாமா என்று சுற்றி வந்து, தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு மரமீனில் சாயம் அடித்துக் கொடுத்த கதையைத்தான் கேட்கின்றன. நான் சாயம் அடித்த மீனை நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டில் போட்டதும் ஆட்டுக்குட்டி பருமனில் மீன்கள் வரிசை கட்டி நின்றன என்பேன். ஒன்று கப்பலேறி ராணி வீட்டுக்கே போனது என்பேன். முன்பெல்லாம் இந்த இடத்தில் அடுப்படியிலிருந்து உன் குரல் வரும். "ராணி அதைக் கொழம்பு வச்சாங்களா, பொரிச்சாங்களா? அதையும் சொல்லிருங்க." இப்போது குறுக்கே பேச ஆளில்லை. கதை பாட்டுக்கு நீண்டுகொண்டே போகிறது, எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

துரைக்குத் தூண்டில் பைத்தியம். விரல் நீளத்துக்கு மரத்தில் மீன் செதுக்கி, வயிற்றில் முள் மாட்டி, நிஜ மீனை ஏமாற்றிப் பிடிப்பார். அதற்குச் சாயம் அடிக்கச் சீமையிலிருந்து பேனா மாதிரி ஒரு துப்பாக்கி வந்தது. லொறி டியூபில் காற்றை அடைத்து அதோடு மாட்டினால் சாயம் பனிமூட்டம் போல வரும். ஸ்டோரில் பெட்டிகளுக்கு மார்க்கு அடித்தவன் நான்தானே, அதனால் என்னிடம் கொடுத்தார். இந்த மலைநாட்டிலேயே அதைப் பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று அன்றைக்கே ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். முதல் மீனைக் கதவுக்குப் பெயின்ட் அடிப்பது போல அடித்துக் கொண்டுவந்து காட்டினேன். கண், செவுள், வயிறு எல்லாம் ஒரே பச்சை.

நீ திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "ஏங்க, இது மீனா, பாவக்காயா?"

மறுநாள் நீதான் ஈயத்தாளை எடுத்தாய். மீனின் மேல் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தாய். தாள் தோல் மாதிரி படிந்தது. பிளேடால் வயிற்றுக்கு ஒரு துண்டு, செவுளுக்கு ஒரு துண்டு, கண்ணுக்குப் பொட்டளவு வட்டம். முதலில் வெள்ளியும் மஞ்சளும் பூசி, அந்த நிறம் நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் கஞ்சிப் பசையால் தாளை ஒட்டினாய். பிறகு மருந்து கட்டும் வலைத்துணியை உடம்பில் இழுத்துச் சுற்றி, "இப்ப அடிங்க" என்றாய். துணியை எடுத்தபோது மீன் முழுக்கச் செதிள்.

துரை வாய் பிளந்தார். ஒவ்வொரு செதிளையும் எப்படி வரைந்தாய் என்று என்னிடம் கேட்டார். "பூனை முடிய நூல்ல கட்டி வரைஞ்சேனுங்க தொரை" என்றேன். கதவுக்குப் பின்னால் நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாய்.

"நம்ம லயத்துல ஏதுங்க பூனை?" என்றாய் பிறகு.

"அது தொரைக்குத் தெரியுமா?"

மற்றத் தாளையெல்லாம் நான் உரிக்கலாம். கண்ணை மட்டும் தொட விடமாட்டாய். "கோயில்ல சாமிக்குக் கண்ணு தொறக்க ஆளு இருக்குல்ல, அந்த மாதிரிதான் இதுவும். ஒட்டுன கைதான் உரிக்கணும்." சுண்டுவிரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்ப்பாய். ஈரத்தில் உரித்தால் சாயம் இழுபடும். காயவிட்டு வைத்திருந்தால் தாளோடு சேர்ந்து பெயர்ந்து வரும். அந்த நேரம் உனக்குத்தான் தெரியும். வட்டம் விலகி மஞ்சள் கண் முழித்ததும், "ம், பாத்துருச்சு" என்பாய்.

கடைசி மீனுக்குத் தாள் ஒட்டியபோது நீ இருமிக்கொண்டே இருந்தாய். தோட்டத்து லொறியில் உன்னை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். ஏறும்போதும் அதே பேச்சு. "கண்ணுல கைய வச்சிறாதீங்க. நான் வந்து தொறக்குறேன்."

நீ வரும்போது காட்ட வேண்டும் என்று அன்றைக்கே சாயம் அடித்துவிட்டேன். சில நாள் கழித்து உன்னைப் பார்க்க வந்தபோது கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தேன். வார்டில் இருந்தவர்களிடமெல்லாம் அளந்தேன். கவர்னருக்குப் போகிற மீன், என் பெண்சாதி கண் திறந்தால்தான் கப்பலேறும் என்றேன். பக்கத்துக் கட்டில் அம்மாள் சிரித்தது. நீயும் சிரித்தாய். மீனைக் கையில் வாங்கிச் சுண்டுவிரலால் தொட்டாய். நகத்தைத் தாளின் ஓரத்தில் வைத்தாய். நகம் வழுக்கிப் போனது. மறுபடி வைத்தாய். பிறகு மீனை என் மடியிலேயே வைத்துவிட்டாய்.

"இன்னும் காயலைங்க. நாளைக்குப் பாப்போம்."

அது கல்லாகக் காய்ந்திருந்தது. எனக்கும் தெரியும். இந்த வீட்டில் பொய் சொல்வது என் வேலை, பிடிப்பது உன் வேலை. முதன்முதலாக நீ ஒன்று சொன்னாய், எனக்குப் பிடிக்க வாய் வரவில்லை. "ஆமா புள்ள, பனி கூடுதல்ல" என்றேன். விடிந்தபோது நீ இல்லை.

துரை சீமைக்குத் திரும்புமுன் அந்த மீனைக் கேட்டு ஆளனுப்பினார். "இன்னும் காயலைன்னு சொல்லு" என்று அனுப்பிவிட்டேன். வந்தவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

மீன் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. இரண்டு கண்ணிலும் உன் தாள். சாயத்துக்குக் கீழே உன் ரேகை லேசாகத் தெரிகிறது. உரித்தால் இனிச் சாயமும் பெயர்ந்து வரும், ரேகையும் போகும். இதை எழுதும் நடுவில் எடுத்து, உன்னைப் போலவே சுண்டுவிரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்த்தேன்.

இன்னும் காயவில்லை.