எல்லோரும் அறுபத்தைந்து கிலோ

மார்ச் 4, புதன் இரவு

அன்புள்ள அத்தைக்கு,

கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள். பக்கத்து இருக்கையில் உட்காரும் துணை பைலட்டுக்குக்கூட வேண்டாம். அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். வெள்ளிக்கிழமை காக்பிட் ஜன்னல் வழியாக, எடைக் கணக்கு எழுதிய லோடு ஷீட்டை நீட்டும்போது அதற்கு அடியில் இதை மடித்து வைத்திருப்பேன். ஷீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கணக்குப் பாடம் செய்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இதுவும் கணக்குதான்.

நீங்கள் விமானத்தோடு மறுமுனை நகரத்தில் தங்குகிறீர்கள். வாரத்தில் மூன்று நாள் மாலையில் வந்து, இருபதே நிமிடத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பறந்துவிடுகிறீர்கள். அதனால் இங்கே நம் கம்பெனிக் கவுன்ட்டரில் நடப்பது உங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் செய்யும் வேலை என்ன? ஒவ்வொரு பயணியையும் தரையில் பதித்த எடை மேடையில் நிற்கச் சொல்லி, எடையை வாய்விட்டுச் சொல்லாமல் ஷீட்டில் எழுதுவது. சிலர் செருப்பைக் கழற்றுவார்கள், சிலர் சாவிக்கொத்தைக் கீழே வைப்பார்கள், ஒரு டீச்சர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார். அதெல்லாம் போன வாரத்தோடு முடிந்துவிட்டது. அப்பா மேடையின் மேல் புதுக் கம்பளம் விரித்துவிட்டார்.

"நாம என்ன காய்கறிக் கடையா நடத்துறோம்? பெரிய கம்பெனில எல்லாம் ஆளை நிறுத்துப் பாத்தா ஏத்துறாங்க? இனிமே எல்லாரும் அறுபத்தஞ்சு. எழுது" என்றார். எடை பார்த்தால் ஆட்கள் கூச்சப்பட்டுப் பேருந்துக்குப் போய்விடுவார்களாம்.

ஹார்டுவேர் கடைக்காரர் நூற்றுப் பதினெட்டு கிலோ. அவரும் அறுபத்தைந்து. விஷயம் தெரிந்ததும் அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு, "இருவது வருசமா டாக்டர் குறை குறைன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. உங்கப்பா ஒரே நாள்ல குறைச்சுட்டாரும்மா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்கள் எல்லோரும் இளைத்துவிட்ட கணக்கில் மிச்சமான எடைக்குத்தான் பார்சல் பெட்டிகளை ஏற்றுகிறார்கள்.

கம்பளத்துக்கு அடியில் மேடை இன்னும் வேலை செய்கிறது, அத்தை. எண் காட்டும் பெட்டி கவுன்ட்டருக்குக் கீழே, என் முழங்காலுக்கு நேரே இருக்கிறது. அதை அணைக்க அப்பா மறந்துவிட்டார். டிக்கெட்டைக் காட்ட எல்லோரும் அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். நான் பார்த்துப் பார்த்து என் புவியியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். ஆளும் மூட்டையும் சேர்த்து ஆயிரத்து எழுநூறு கிலோவுக்கு மேல் கூடாது என்று நீங்கள்தானே சொல்லியிருக்கிறீர்கள்? இன்று ஷீட்டில் ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு. என் நோட்டில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு.

எப்போதும் நீங்கள் காற்றின் திசை காட்டும் அந்தச் சிவப்புத் துணிக்குழாய்க் கம்பத்துக்கு முன்பே எழும்பிவிடுவீர்கள். இன்று கம்பத்தைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, முள்வேலிக்குப் பக்கத்தில் போய்த்தான் எழும்பினீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய சாலை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பயத்துடன்,
உங்கள் குண்டூசி


மார்ச் 6, வெள்ளி

அருமைக் குண்டூசிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன். நீயும் அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழித்துவிடு.

புதன்கிழமை விமானம் சோம்பியதை நானும் கவனித்தேன். வெயில், காற்று இல்லை, அதனால் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டேன் என்று சொல்வதுதான் சரி. என் அண்ணனிடம், உன் அப்பாவிடம்தான், போனில் கேட்டேன். "ஒரு மாசம் பொறுத்துக்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

உன் அப்பாவைக் கெட்டவர் என்று நினைக்காதே. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பெரிய கம்பெனி எழுபது இருக்கை விமானத்தோடு பக்கத்து ஊருக்கு வருகிறது. பேருந்துக் கட்டணத்தில் டிக்கெட், அங்கே போக இலவச வண்டி வேறு. இதற்கு முன் நான் ஓட்டிய இரண்டு சின்னக் கம்பெனிகளையும் இப்படித்தான் மூடினார்கள். நாம் மூடும்வரை மலிவாக ஓட்டுவார்கள், மூடியதும் விலையை ஏற்றுவார்கள், கூட்டம் குறைந்ததும் அவர்களும் போய்விடுவார்கள். அந்த இரண்டு ஊர்க்காரர்களும் இன்றைக்கும் எட்டு மணி நேரம் பேருந்தில்தான் குலுங்குகிறார்கள். நம்மால் பத்தொன்பது டிக்கெட்டை மட்டும் நம்பிக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. பார்சல்தான் நம்மைத் தூக்கிப் பிடிக்கிறது.

எனக்கும் நாற்பத்தேழு வயதாகிறது. அந்தப் பெரிய கம்பெனிக்கு நானே வேலை கேட்டு எழுதினேன், உனக்குத் தெரியுமா? ஒரே வரியில் பதில் வந்தது. இந்தக் கம்பெனி போனால் எனக்கு வானமே போச்சு.

விமானம் செய்தவர்கள் கொஞ்சம் தாராளமாகத்தான் செய்திருப்பார்கள். ஒரு மாதம். அதுவரை உன் வாயில் கொழுக்கட்டை இருக்கட்டும். ராத்திரி கண் விழிக்காதே, அண்ணி என்னைத்தான் திட்டுவாள்.

அன்புடன்,
அத்தை


மார்ச் 11, புதன் இரவு

அத்தைக்கு,

நீங்கள் எரித்துவிட்டீர்கள். நான் கிழிக்கவில்லை.

விமானம் செய்தவர்கள் தாராளமாகச் செய்திருப்பார்கள் என்கிறீர்கள். அவர்கள் ஒரு மனிதனை அறுபத்தைந்து கிலோ என்று நினைத்தா செய்தார்கள்? திங்கட்கிழமை உங்கள் பதில் கைக்கு வந்ததிலிருந்து இரண்டு நாள் யோசித்தேன். இன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு முழுதாகத் தெரியாது. நீங்கள் காக்பிட்டில் இருந்தீர்கள். சொல்கிறேன்.

அப்பா பார்சல் கொட்டகையில் இருந்த நேரத்தில் நான் கம்பளத்தைச் சுருட்டி மூலையில் சாத்தினேன். "நம்ம விமானம் சின்னது. உண்மையான எடை தெரிஞ்சாத்தான் பைலட்டால பத்திரமா ஓட்ட முடியும். தயவுசெஞ்சு ஒவ்வொருத்தரா ஏறி நில்லுங்க" என்றேன்.

முதலில் வந்தது ஹார்டுவேர் கடைக்காரர். "என்னை மொதல்ல நிறுத்தும்மா. நான் விழுந்தா தனியா விழ மாட்டேன், இவங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டுத்தான் விழுவேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் இந்த முறை மூச்சைப் பிடிக்கவில்லை. "உள்ளதை எழுது, நான் என்ன கல்யாணப் பொண்ணா?" என்றார். பத்தொன்பது பேரும் நின்றார்கள். அப்பா பயந்ததுபோல யாரும் கூச்சப்பட்டுப் பேருந்து நிலையத்துக்கு ஓடிவிடவில்லை, அத்தை. ஒருவர்கூட ஓடவில்லை.

சரியாகக் கூட்டிப் பார்த்தேன். ஏழு பார்சல் பெட்டிகளை இறக்கினால் போதும். ஏழே ஏழு.

அப்போதுதான் அப்பா வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஷீட்டை என் கையிலிருந்து வாங்கி நான்காகக் கிழித்து, கவுன்ட்டரிலேயே நின்று வேறொன்று எழுதினார். "வீட்டுக்குப் போ" என்றார். அம்மா டிக்கெட் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

நான் வீட்டுக்குப் போகவில்லை. வேலி ஓரமாக நின்றேன். அப்பா ஷீட்டை ஜன்னலில் நீட்டினார். நீங்கள் வாங்கினீர்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். நான் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டீர்கள்.

பெரிய கம்பெனி எழுபது பேரை ஏற்றும். ஹார்டுவேர் கடைக்காரர் என்ன எடை, டீச்சரின் அம்மாவுக்கு எந்தப் பக்கம் கால் வலி, எதுவும் அதற்குத் தெரியாது. நமக்குத் தெரியும். நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் பொய்யாக்கிவிட்டு எதை வைத்துப் பிழைக்கப் போகிறோம்? அவர்களைப் போல நடிக்கப் பார்த்தால் அவர்களிடம் தோற்றுத்தான் போவோம். அவர்கள் நம்மைவிட நன்றாக நடிப்பார்கள்.

ஏழு பெட்டியை இறக்கினால் கம்பெனி செத்துவிடும் என்றால், சாகட்டும். நீங்கள் சாக வேண்டாம். அந்தப் பத்தொன்பது பேரும் சாக வேண்டாம்.

குண்டூசி


மார்ச் 13, வெள்ளி

குண்டூசிக்கு,

கையெழுத்துப் போட்டேன். ஆமாம். இருபத்திரண்டு வருடமாக விமானம் ஓட்டுகிறவளுக்கு ஒன்பதாம் வகுப்புப் பெண் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

திங்கட்கிழமை காலை, பணம் போட்டு நமக்கு இரண்டாவது விமானம் வாங்கித் தரப்போகிறவர்கள் ஆறு பேர் உங்கள் ஊரிலிருந்து நம்மோடு பறக்கப் போகிறார்கள். இருக்கைகளும் நிரம்பியிருக்க வேண்டும், பார்சலும் நிரம்பியிருக்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அதற்காக ஞாயிறு இரவே விமானத்தை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறேன். உங்கள் வீட்டில்தான் தங்குவேன். திங்கட்கிழமை நீ விமானத்துப் பக்கமே வராதே. நோட்டை உன் அப்பாவிடம் கொடுத்துவிடு. அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
விமானி


மார்ச் 15, ஞாயிறு இரவு

அத்தைக்கு,

நீங்கள் விமானி என்று கையெழுத்துப் போட்டாலும் நான் அத்தை என்றுதான் எழுதுவேன். அதைக் கிழிக்க அப்பாவாலும் முடியாது.

நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறீர்கள். கட்டில் இரண்டு முறை கிறீச்சிட்டது, தூங்கவில்லை போலிருக்கிறது. நேரில் வந்து பேசப் பயமாக இருக்கிறது. அப்பா கூடத்தில் படுத்திருக்கிறார். சாப்பிடும்போது நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். தட்டைத்தான் பார்த்தீர்கள். எழுதி முடித்ததும் இதை உங்கள் தொப்பிக்குள் வைத்துவிடுவேன். காலையில் தலையில் வைக்கும்போது தட்டுப்படும்.

அப்பா நோட்டைக் கேட்டார். மிஸ் திருத்துவதற்கு வாங்கி வைத்திருக்கிறார் என்றேன். பொய்தான். தலையணைக்கு அடியில் இருக்கிறது. நம் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் ஒன்று சொன்னேன்.

இப்போது நான் செய்திருக்கும் காரியம். நாளைக்குப் பதினெட்டு டிக்கெட்தான் போயிருந்தது. ஒன்று பாக்கி. சாயங்காலம் அம்மா கவுன்ட்டரைப் பூட்டப்போகும் நேரத்தில் போய் என் உண்டியலை அவள் முன்னால் வைத்தேன். "ஒரு டிக்கெட் வேணும்மா" என்றேன்.

அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாருடி" என்றாள். பிறகு பேனாவைத் திறந்தாள். "எடை?"

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணு" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். அறுபத்தைந்து என்று எழுதவில்லை. உண்டியலைத் திருப்பித் தள்ளிவிட்டாள். போன புதன்கிழமை அவள் தலையைத் தூக்காததற்காக நான் அவளிடம் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை.

ஆக நாளைக்குப் பத்தொன்பதாவது ஆள் நான். உங்களுக்கு நேர் பின்னால், முதல் வரிசை. அப்பாவின் ஷீட்டில் நானும் அறுபத்தைந்துதான், என் தயவில் ஹார்டுவேர் கடைக்காரருக்கு இருபத்துநாலு கிலோ கழிந்துவிடும். என் கையில் நான் எழுதிய ஷீட் இருக்கும், அதையும் உங்களிடம் தருவேன். எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுங்கள். எதில் போட்டாலும் நான் இறங்க மாட்டேன். அப்பா இழுத்தாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு, ஏன் இழுக்கிறீர்கள், பத்திரமான விமானம்தானே என்று அந்த ஆறு பேர் முன்னால் கேட்பேன். இரண்டாவது விமானம் வராமல் போனால் போகட்டும். ஒழுங்காகப் பறக்கும் ஒரு விமானம் போதும்.

எனக்குத் தைரியம் என்று நினைக்க வேண்டாம். அந்த முள்வேலி கண்ணை மூடினாலும் தெரிகிறது. ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது மேல் என்று

கதவு தட்டும் சத்தம். விளக்கை அணைத்தேன், மறுபடியும் போட்டுவிட்டேன். அணைத்து என்ன ஆகப்போகிறது?

அப்பா தட்ட மாட்டார், கூப்பிடுவார். அம்மா தட்ட மாட்டாள், நேரே உள்ளே வந்துவிடுவாள். அத்தை, நீங்கள்தான். "குண்டூசி, தெறடி. பத்தொம்பதாவது டிக்கெட் யாருதுன்னு அண்ணி சொல்லிட்டா. நோட்டை எடுத்துக்க. அண்ணனை எழுப்பியாச்சு, கூடத்துல உக்காந்திருக்காரு. ரெண்டு பேரும் போய்க் கணக்கைப் பாத்துருவோம்" என்கிறீர்கள். இதோ வரு