டிரைவருக்கு ஒரு கூட்டம்

மார்ச் 3, செவ்வாய்

காலை முழுக்கப் பள்ளிச் சீருடைக் கால்சட்டைகளுக்கு இடுப்புப் பட்டி வைத்துத் தைத்தேன். மத்தியானம் என் வீட்டுக்காரரைத் திருப்பிப் படுக்க வைக்கப் பார்த்தேன். பாதிக்கு மேல் முடியவில்லை. என் இடுப்பு பிடித்துக்கொண்டது. இவர் ஒருக்களித்தபடி அந்தரத்தில் நின்றார், கரையில் சாய்த்து வைத்த படகு மாதிரி. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் நின்றுவிட்டது.

டிரைவர் அண்ணன் போய்ப் பத்து நாள் ஆகிறது. இத்தனை வருஷமும் ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் வந்து, இவரை அலாக்காகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, குளிப்பாட்டி, சவரம் செய்து, படுக்கையை மாற்றிப் போட்ட பிறகுதான் டீயைக் கையில் வாங்குவார். பட்டாளத்தில் இருவரும் ஒரே பிரிவு. இவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போன அந்த விபத்தில் லாரியை ஓட்டியவரும் அவர்தான். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் வண்டி உருண்டது என்று விசாரணையில் முடிவானது. அவருக்குத் தோள் எலும்பு முறிந்ததோடு போயிற்று.

பட்டாளத்தை விட்டு வந்த பிறகு, முன்னாள் படைவீரர் சங்கத்தில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் சங்கத்து ஆம்புலன்ஸை எடுத்துக்கொண்டு ஓடியவர். அவருக்கு நெஞ்சு வலித்தபோது வண்டியை எடுக்க ஆள் இல்லை.

மார்ச் 5, வியாழன்

சங்கத்துச் செயலாளர் வந்தார். பீரங்கிப் படையில் இருந்தவர். காது மந்தம். ஊரே செவிடு என்ற நினைப்பில்தான் பேசுவார். இவர் அவருக்கு வைத்த பெயர் பீரங்கி.

"டிரைவருக்குப் பெரிய கூட்டம் போடறோம்மா. படத்திறப்பு. 'சேவைச் செம்மல்'னு பட்டம். உன் வீட்டுக்காரர் மேடையில இருக்கணும். அவர் ரெண்டு வார்த்தை பேசினா சபையே கலங்கிடும்."

"இவரை யாரு தூக்கிட்டு வருவா?"

"அதெல்லாம் ஏற்பாடு பண்ணிடலாம்."

"நாளைக்குக் குளிப்பாட்ட யாராவது வருவாங்களா?"

அது அவர் காதில் விழவில்லை. மண்டபத்து மைக் இரைகிறது, வேறு பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் எங்கயும் வரல."

மார்ச் 8, ஞாயிறு

முதுகுக்குக் கீழே தோல் சிவந்து, ஒரு இடத்தில் உரிந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை. இப்போது வந்துவிட்டது.

மார்ச் 11, புதன்

சாப்பாட்டைத் தொடவில்லை. நேற்றும் அப்படித்தான். "பசிக்கல" என்கிறார். ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருக்கிறார். சிநேகிதன் போன துக்கம், விடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இது துக்கம் மாதிரி இல்லை. இந்த மனுஷனைப் பெற்றவள் செத்தபோதுகூட நன்றாக அழுதார், நன்றாகச் சாப்பிட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

மத்தியானம் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தேன். இவர் குப்புறப் படுத்திருந்தார், முகம் தலையணைக்குள். முகம் தெரியாததால்தான் பேச்சு வந்ததோ என்னவோ.

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

எந்த பிரேக், நாற்காலி பிரேக்கா என்று ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை.

"அவன் தூங்கிட்டான். ஓய்வே குடுக்காம ஓட்டவிட்டாங்க அவனை. விடியற நேரம். திரும்பிப் பாக்கறேன், கை ஸ்டியரிங் மேல இருக்கு, கண்ணு மூடியிருக்கு. நான் கையை நீட்டறதுக்குள்ள வளைவு வந்துடுச்சு."

"விசாரணையில நீங்களும் தூங்கிட்டு இருந்ததாத்தானே சொன்னீங்க?"

"பாத்தேன்னு சொன்னா அவனை உள்ள போட்டிருப்பாங்க. பிரேக்னு அவன் சொன்னான். வண்டி நொறுங்கிக் கிடந்துச்சு. யாரும் மறுக்கல."

கையில் பஞ்சை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"நீங்க பாத்தது அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எத்தனையோ தடவை சொல்ல வந்தான். முதுகு தேய்க்கும்போது 'அன்னைக்குக் காலையில...'ன்னு இழுப்பான். தண்ணி சூடு பத்தலம்பேன். சோப்பு கண்ணுல போயிடுச்சும்பேன். வாயைத் திறக்கவே விடமாட்டேன்."

"ஏன்?"

பஞ்சை மறுபடி மருந்தில் நனைத்தேன். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"அவன் சொல்லிட்டா, சரி விடுடான்னு நான் சொல்லணும். சொல்லிட்டா அவன் மனசு ஆறிடும். மனசு ஆறினவன் எதுக்கு இங்க வரப்போறான்? அப்புறம் என்னை யாரு தூக்குவா? நீயா?"

மருந்து வைத்து முடித்தேன். பாதியில் விட முடியாதே.

மார்ச் 16, திங்கள்

தையல் ஓடவில்லை. ஊசி இரண்டு முறை ஒடிந்தது.

அந்த மனுஷனுக்கு எத்தனை டீ போட்டுக் கொடுத்திருப்பேன்! "சர்க்கரை போதுமா அண்ணே" என்று கேட்டுக் கேட்டு. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் திரும்பாத நேரத்தில் இவரைத் தூக்குப் படுக்கையில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு பிள்ளை இருந்திருக்கும் எனக்கு. அதை மட்டும் எழுதவே கூடாது என்று வைத்திருந்தேன். எழுதிவிட்டேன்.

சரி, அவர் தூங்கினார். தூக்கம் யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது? இவர்? இவர் முழித்துக்கொண்டல்லவா இதைச் செய்திருக்கிறார்? வருஷக்கணக்காக, தினம் தினம். என்னிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே. ஒரே அறையில்தானே கிடக்கிறோம்? நான் அண்ணனை வாசலோடு விரட்டிவிடுவேன் என்று பயமா?

விரட்டியிருப்பேனா?

விரட்டியிருப்பேன்.

மார்ச் 19, வியாழன்

மூன்று நாளாகத் தேவைக்கு மேல் பேசவில்லை. திரும்புங்க, கையைத் தூக்குங்க, வாயைத் திறங்க. அவ்வளவுதான்.

இன்றைக்கு அவராகவே, "பீரங்கிகிட்ட வர்றேன்னு சொல்லு" என்றார்.

"மேடையில என்ன பேசப் போறீங்க?"

அதை விட்டுவிட்டு, எந்தச் சட்டை போடுவது என்று கேட்டார். டிரைவர் அண்ணனின் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். இவர் பாட்டுக்கு மைக்கைப் பிடித்து, செத்தவர் மேல் சேற்றை வாரிப் போட்டுவிட்டால்?

மார்ச் 22, ஞாயிறு

கூட்டம் முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மண்டபத்துப் படியில் நான்கு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். நான்கு பேருக்கும் மூச்சு வாங்கியது. எல்லாருமே கிழவர்கள். பழைய பதக்கங்களைத் துடைத்துக் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். அண்ணனின் படம் ஏதோ சின்ன போட்டோவிலிருந்து பெரிதாக்கியது, மூக்கே அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொருவராகப் பேசினார்கள். வெள்ளத்தில் வண்டி ஓட்டியது, பிரசவத்துக்குப் போன பெண்ணை நேரத்தில் சேர்த்தது, ஆள் இல்லாத பிணங்களை அடக்கம் செய்தது. எல்லாம் உண்மை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒன்றுகூடப் பொய்யில்லை.

கடைசியில் பீரங்கி மைக்கை இவர் வாயருகே கொண்டுவந்து பிடித்தார்.

"டிரைவர் நல்லா வண்டி ஓட்டுவான்" என்று ஆரம்பித்தார் இவர். சபை லேசாகச் சிரித்தது. இவர் சிரிக்கவில்லை.

"தூங்கவிடாம ஓட்டச் சொன்னாங்க. ஓட்டினான். அன்னைக்குக் காலையில முன்சீட்டுல நான் முழிச்சுத்தான் இருந்தேன். எல்லாத்தையும் பாத்தேன்."

சபையில் யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. யுத்தக் கதை வரப்போகிறது என்று காத்திருந்தார்கள்.

"இப்ப வந்து வாசல்ல ஹாரன் அடிச்சான்னா, அவன் வண்டியில ஏறுவேன். அதே சீட்டுல உக்காருவேன். அவ்வளவுதான்."

பலத்த கைதட்டல். பீரங்கி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்கூட நிம்மதியாக மூச்சு விட்டேன். இத்தனை நாள் கோபத்துக்குப் பிறகு, மேடை ஏறிப்போய் அவர் தோளில் கை வைக்க வேண்டும் போல இருந்தது.

அண்ணியைப் பார்த்தேன். கை தட்டவில்லை. அழவும் இல்லை. மேடையிலிருந்த இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் தெரிந்தது, அண்ணிக்கும் தெரியும். அண்ணன் ஊரில் யாரிடமும் சொல்லாததைப் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சாப்பிட்டார். கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மார்ச் 24, செவ்வாய்

அண்ணி வந்தார். உள்ளே வாங்க என்றேன். வாசலைத் தாண்டவில்லை. அங்கிருந்தே கட்டில் தெரியும்.

"முழிச்சுத்தான் இருந்தீங்களா?" என்று இவரைக் கேட்டார்.

"ஆமா."

"இதை அவர் உசுரோட இருக்கும்போது சொல்லியிருக்கலாமே."

இவர் போர்வை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"தூக்கத்துல எழுந்து உக்காந்து 'முழிச்சுக்கோ, முழிச்சுக்கோ'ன்னு தன் கன்னத்துல தானே அறைஞ்சுக்குவாரு. கல்யாணமான நாள்லருந்து நான் பாத்தது அதைத்தான். உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போற அன்னைக்கெல்லாம் கேப்பேன், சொன்னீங்களான்னு. 'இல்ல, அவனுக்கு சோப்பு கண்ணுல பட்டுடுச்சு'ம்பாரு." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு வார்த்தை. அதைக் கேட்டிருந்தா அந்த மனுஷன் படுத்துத் தூங்கியிருப்பாரு. ஊரைக் கூட்டி மைக்கில சொன்னீங்க. யாருக்குச் சொன்னீங்க?"

துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்ததைக் கதவோரம் சாய்த்து வைத்தார். சேவைச் செம்மல் பட்டம், கண்ணாடி போட்ட சட்டம்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

போய்விட்டார். நான் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது?

இவர் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. சட்டத்தை அலமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

கூட்டத்துக்குப் பிறகு சங்கத்தில் முறை வைத்துக்கொண்டு குளிப்பாட்ட வந்தார்கள். முதல் வாரம் இரண்டு பேர். அடுத்த வாரம் ஒருத்தர். அவருக்கும் முழங்கால் வீங்கிவிட்டது. குறை சொல்ல மாட்டேன். அவர்களையே தூக்கிவிட ஆள் வேண்டும்.

இன்று பீரங்கி தனியாக வந்தார். "நான் தூக்கறேன், நீ தள்ளி நில்லு" என்று இவர் அக்குளில் கை கொடுத்தார். எழுப்பினார், இரண்டு பேரும் சேர்ந்து தரையில் விழுந்தார்கள். இவர் மேலே, அவர் கீழே. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துதான் பிரித்து எடுத்தார்கள். பீரங்கி எழுந்திருக்கவில்லை. தரையில் கிடந்தபடியே, "மன்னிச்சுக்கங்க தம்பி. டிரைவர் எப்படித்தான் பண்ணினானோ" என்றார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 12, ஞாயிறு

புண்ணில் நாற்றம்.

ஏப்ரல் 20, திங்கள்

ஆஸ்பத்திரி. புண் எலும்பு வரை போய்விட்டது என்றார் டாக்டர். வெட்டிச் சுத்தம் செய்தார்கள். இவருக்கு அங்கே உணர்ச்சி கிடையாது, நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"வீட்டுல வச்சுப் பாத்துக்க யார் இருக்காங்க?" என்று கேட்டார் டாக்டர். நான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும், இரண்டு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இங்கேதான் என்றார். பக்கத்து நகரத்தில் பட்டாளத்துக்காரர்களுக்கான பராமரிப்பு இல்லம் இருக்கிறதாம்.

ஏப்ரல் 23, வியாழன்

நான் எப்படி ஆரம்பிப்பது என்று முழித்துக்கொண்டிருந்தேன். இவரே சொன்னார்.

"போறேன். உன் முதுகாவது மிஞ்சட்டும்."

"என் மேல கோவமா?"

"உனக்குத்தானே கோவம்?"

யோசித்துப் பார்த்தேன். இருக்கிறது. போகவில்லை. இவரோடு அதையும் மூட்டை கட்டி அனுப்ப முடியாது. அது என்னோடுதான் இந்த வீட்டில் இருக்கும்.

"இருக்கு" என்றேன். தலையாட்டினார். கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.

மே 4, திங்கள்

கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

காலையில் சங்கத்து ஆம்புலன்ஸ் வந்தது. ஓட்டியவர் கூலிக்கு அமர்த்திய ஆள், சின்ன வயசு. தூக்குப் படுக்கையை ஏற்றிக் கதவைச் சாத்தப் போகும்போது தெருமுனையில் அண்ணி வந்துகொண்டிருந்தார். அன்றைக்கு வாசலில் பார்த்ததோடு சரி, அதற்குப் பிறகு பார்க்கவில்லை. என்னிடம் ஒன்றும் கேட்காமல், கம்பியைப் பிடித்துப் பின்னால் ஏறினார்.

"ரோடு குண்டும் குழியுமா கிடக்கு. தலையை யாராவது பிடிச்சுக்கணும்" என்றார், என்னைப் பார்க்காமல்.

வழி நெடுக இவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் கையை அழுத்திக்கொண்டார். இவர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் நீர் காது வரை வழிந்தது. அண்ணி துடைக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை.

இல்லத்தில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சொந்தக்காரர்கள் மட்டும்தான் உள்ளே போகலாமாம்.

"நீங்க?" என்றாள் மேஜையிலிருந்த பெண்.

"சம்சாரம்."

"அவங்க?"

அண்ணி முந்திக்கொண்டார்.

"தங்கச்சி."

அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, போங்க என்று கையைக் காட்டினாள். படுக்கையில் இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. எதிர்க் கட்டில்காரர் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார். இரண்டு ஆட்கள் வந்து இவரை ஒரே மூச்சில் தூக்கிப் படுக்க வைத்தார்கள், மூட்டையைத் தூக்குகிற மாதிரி. வலிக்காது, ஆனாலும் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

திரும்பி வர பஸ். பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தோம். தன் தெரு வந்ததும் அண்ணி எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அங்க ஷேவ் பண்ணிவிட ஆள் இருக்குமா?"

"தெரியல அண்ணி. கேக்கல."

"ஞாயித்துக்கிழமை போய்ப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.