டின் நசுக்கும் மெஷினும் உங்கள் சாக்கும்

என் அக்காவைக் கட்டிய மச்சானுக்கு,

மார்ச் 9, ஞாயிறு, காலை ஏழே கால் மணி. நீங்கள் மிதித்து வைத்துவிட்டுப் போன சாக்கை முழுவதும் கொட்டிப் பிரித்துவிட்டேன். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு டின். நாற்பத்தொன்றில் மண் இருந்தது.

நலமா என்று கேட்டுத் தொடங்கும் நிலையில் நாம் இருவருமே இல்லை. நேராகக் கேட்கிறேன். அந்த மண்ணைப் போட்டது நீங்களா?

இதை ஊரறிய எழுதக் காரணம் இருக்கிறது. அக்காதான் டின்னுக்குள் மண் போட்டு விற்கிறாள் என்று மஸ்கெலியா பஸ்ஸில் பேசிக்கொண்டு போகிறார்கள். புருஷன் இருந்தவரை ஒழுங்காக நடந்த வியாபாரம் இவள் கைக்கு வந்ததும் கெட்டுப்போனதாம். உங்களிடம் நான் கேட்பதை அவர்களும் கேட்கட்டும்.

நீங்கள் ஐப்பசியில் கண்ணை மூடினீர்கள். மார்கழியில் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்கியதும் அக்கா உங்கள் வெறும் சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். ரோட்டோரம் முழுக்க சோடா டின், பியர் டின். உங்களைப் போலவே ஒவ்வொன்றாகக் காலால் மிதித்தாள். ஒரு நாள் டின் விளிம்பு செருப்பைத் தாண்டிக் குதிகாலைக் கிழித்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு வந்தவள், மறுநாள் மற்றக் காலால் மிதித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் மெஷின் செய்ய உட்கார்ந்தேன்.

காலி டின் நேராக நின்றால் ஓர் ஆள் பாரத்தைத் தாங்கும். பக்கத்தில் லேசாக ஒடுங்கினால் அதே டின் பொத்தென்று உட்கார்ந்துவிடும். முதல் மெஷினில் இதை நான் யோசிக்கவில்லை. கைப்பிடியை இழுத்து இழுத்துப் பிணைச்சல் கழன்றது. "இதுக்கு மிதிக்கிறதே லேசுடா" என்றாள் அக்கா. இரண்டாவதில், இரண்டு பக்கமும் போல்ட் தலை முதலில் டின்னை ஒடுக்கும், பிறகு மேலிருந்து தட்டு இறங்கும். எல்லாம் நான் வேலை செய்யும் பட்டறையில் கழித்துப் போட்ட இரும்பு. டின் வட்டமான வில்லையாக வந்து விழுந்தது. அக்கா ஒரு கையால் கைப்பிடியை இழுத்தாள், மறு கையில் தேத்தண்ணி இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை ஹட்டனுக்குக் கொண்டுபோனோம். மெஷினில் நசுக்கியது இரண்டு சாக்கு, உங்களுடையது ஒன்று. பழைய இரும்புக் கடை நிஸாம் நானாவை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டின்னைச் சாக்குச் சாக்காக எடுப்பவர் நமக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அவர் வேண்டாம் என்றால் அக்கா மறுபடி தேயிலைத் தோட்டத்தில் பேர் கொடுத்துக் கொழுந்து எடுக்கப் போக வேண்டியதுதான்.

நானா ஒரு வில்லையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது என்ன, வடையா?"

"மெஷின்ல நசுக்குனது நானா."

"அது விளங்குது. உள்ள பருப்பா கல்லான்னு நான் கடிச்சா பாக்கிறது?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. தகரக் கத்தரியை நானே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பத்து வில்லையை வெட்டினார். பத்தும் சுத்தம். அப்போதும் அவர் மனம் இறங்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. மூடி வர்ற சாமான்னா எனக்குப் பயம். உங்க மச்சான் மாதிரி மிதிச்சே கொண்டு வாங்க. அந்த மனிசன்ட சாக்க நான் ஒரு நாளும் பிரிச்சுப் பாத்ததில்ல."

"அப்ப அவரு சாக்கையும் வெட்டிப் பாருங்க" என்றேன். அக்கா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் கேட்கவில்லை.

நானா கையை உள்ளே விட்டு எடுத்தார். முதல் டின்னில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதை வெட்டியதும் மேசையில் மண் கொட்டியது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நானா அந்த மண்ணை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினார். "மழையில நனஞ்ச சாக்கு வந்தாக்கூட தண்ணிக்குன்னு நான் எடையில கழிச்சதில்ல, தங்கச்சி" என்று அக்காவிடம் சொன்னார். குரல் உயரவே இல்லை. "மூணு சாக்கையும் எடுத்துட்டுப் போங்க."

முதலில் உங்களுக்காக வாதாடிப் பார்த்தேன். ரோட்டோரச் சாக்கடைக் கானில் கிடந்த டின்னுக்குள் சேறு போவது இயல்புதானே? பிறகு நானாவே கைக்குள் ஒளித்து வைத்துக் கொட்டியிருப்பாரோ என்றும் நினைத்தேன். அதனால்தான் இன்று காலை சாக்கு முழுவதையும் பிரித்தேன். இது சேறு இல்லை மச்சான். சலித்துக் காயவைத்த ஆற்று மண். அந்த நாற்பத்தொன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு. யாரோ கரண்டியால் போட்டிருக்கிறார்கள்.

அடுத்து அக்காவைச் சந்தேகப்பட்டேன். ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"நீயா போட்ட?"

"ஆமா, இந்த ரொட்டியிலயும் போட்டிருக்கேன். தின்னு பாரு."

"வெளையாடாத. அப்ப மச்சானா?"

பிசைந்த கை நின்றது. "மண்ணு போடுறத விட்டுட்டேன்னு சொன்னாருடா" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். "எல்லாத் தராசும் கழிக்கும்னு சொல்வாரு. மலையில கொழுந்து நிறுத்தப்ப தண்ணிக்குன்னு கழிச்சாங்க, கூடைக்குன்னு கழிச்சாங்க, வெயில் காஞ்ச நாள்லயும் தண்ணிக்குன்னு கழிச்சாங்க. இரும்புக்கடைக்காரரு மட்டும் விட்டுருவாரான்னு கேப்பாரு. அவரு கழிக்கிறத நம்ம முன்னாடியே போட்டுட்டா சரியாப் போயிரும்னு அவரு கணக்கு."

நானா கடையில் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கழித்ததே இல்லை. கழிக்காத மனிதரிடம், கழிப்பார் என்று முடிவுகட்டி, ஒவ்வொரு கரண்டியாக ஈடுகட்டியிருக்கிறீர்கள்.

அவர் கழிப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? எனக்கு இது ஒன்றுதான் தெரிய வேண்டும். வீட்டில் தராசு கிடையாது. கடையில் சொன்ன எடையை எதோடு வைத்து ஒப்பிட்டீர்கள்? நான் வேலை செய்யும் பட்டறை அந்தக் கடையிலிருந்து கூப்பிடு தூரம். ஒரே ஒரு தடவை சாக்கை அங்கே இறக்கி நிறுத்துப் பார்த்திருக்கலாம். ஏன் வரவில்லை? எடை சரியாக இருந்துவிடுமோ என்று பயந்தீர்களா?

அக்கா சொன்னது முழுவதும் உண்மையா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. உங்களைக் காப்பாற்ற அவள் எதையும் சொல்வாள். ஆனாலும் அந்தக் காரணத்தை மட்டும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. நானும் அதே தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்தவன்தானே. செவ்வாய்க்கிழமை கடைக்குள் நுழைந்ததும் நானாவின் முகத்துக்கு முன்னால் தராசு முள்ளைத்தான் பார்த்தேன். அது பூச்சியத்தில் நின்றது. அப்போதும் நான் நம்பவில்லை.

ரொட்டியைத் தட்டிப் போட்டுவிட்டு அக்கா சொன்னாள், "நாளைக்குக் கடைக்குப் போவோம்."

"எதுக்கு?"

"மண்ணுக்கு வாங்குன காசக் கழிச்சுக்கங்கன்னு சொல்ல."

"எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்?"

"அவரே சொல்லட்டும்."

"அவரு கூட்டிச் சொன்னா?"

"சொன்னா சொல்லிட்டுப் போறாரு. நீ அங்க வாயத் தொறக்காத, போன தடவ தொறந்தது போதும்."

தராசு வைத்திருப்பவரிடம் தானாகப் போய்க் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன ஆளை நம் லயத்தில் நான் பார்த்ததில்லை, மச்சான். நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. மூன்றாவது மெஷின். தட்டு இறங்கும் முன்பே இரண்டு கூர் முனைகள் டின்னின் அடிப்பக்கத்தை இருபுறமும் ஊடுருவித் துளை போடும். உள்ளே எது இருந்தாலும் கொட்டிவிடும். வில்லையாக வராது, பக்கவாட்டில் தட்டையாக வரும். தூக்கிப் பிடித்தால் துளை வழியே வெளிச்சம் தெரிய வேண்டும்.

2. நானா சம்மதித்தால் அதை அவர் கடை வாசலில் பூட்டுவேன். அக்கா முழு டின்னாகக் கொண்டுபோய் அவர் கண் முன்னால் நசுக்குவாள். முழு டின்னைச் சாக்கில் கட்டினால் பாதிக்கு மேல் காற்றைத்தான் பஸ்ஸில் ஏற்றுகிறோம், தெரியும். அவர் நம்பும்வரை காற்றைச் சுமப்போம்.

3. பட்டறையில் எடை போட்ட ஓர் இரும்புத் துண்டைக் கொண்டுபோய் நானாவின் தராசிலும் வைத்துப் பார்ப்பேன். அக்காவுக்குச் சொல்ல மாட்டேன்.

4. மண் போட்டது அக்கா இல்லை, மச்சான்தான் என்று மஸ்கெலியா பஸ்ஸில் சத்தமாகச் சொல்வேன். ஏன் போட்டார் என்பதையும் அதே மூச்சில் சொல்வேன். முதல் பாதியைக் கேட்டுவிட்டு இறங்கப் பார்க்கிறவரை உட்காரவைத்து மீதியையும் சொல்வேன்.

உங்கள் மச்சினன்,
தினேஷ்